நேற்று 'பாஸ்' ஆன இமேஜ் இன்று ஃபெயில் ஆவது ஏன்? கன்டெய்னர் ஸ்கேன் ஒரு விளக்கம்

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அபாய மதிப்பெண் 10-க்கு 10. ஐடி டீம்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: "நம்ம சர்வர்ல அது இருக்கா?"

பலரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், கன்டெய்னர் இமேஜில் நாம் எழுதிய கோட் கொஞ்சம்தான். லினக்ஸ் பேக்கேஜ்கள், லைப்ரரிகள், அவை இழுத்து வரும் வேறு லைப்ரரிகள் என மீதியெல்லாம் இரவல் சரக்கு.

ஸ்கேனர் என்ன செய்கிறது?

'ட்ரிவி', 'கிரைப்' போன்ற இலவச ஸ்கேனர்கள் இமேஜை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே எந்த மென்பொருள், எந்த வெர்ஷன் என்று கணக்கெடுத்து, 'சிவிஇ' எண்ணுடன் வெளியான ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுகின்றன. லாக்4ஜே ஓட்டையின் எண் சிவிஇ-2021-44228. சாதாரண ஃபோல்டர்களையும் இப்படியே ஸ்கேன் செய்யலாம்.

ரிப்போர்ட் பச்சையாக வந்தால் போதுமா?

போதாது. பட்டியலில் இல்லாதது ஸ்கேனருக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' மென்பொருளில் திட்டமிட்டு வைக்கப்பட்ட பின்கதவைப் பிடித்தவர், லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்.

இமேஜ் மாறாது; பட்டியல் தினமும் வளரும். எனவே பில்டின்போது மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும் இமேஜ்களையும் தினமும் ஸ்கேன் செய்யணும். ஓட்டை தெரிந்தால் கன்டெய்னருக்குள் நுழைந்து ஒட்டுப்போட வேண்டாம். புதிய கன்டெய்னர் வந்ததும் அது காணாமல் போகும். பேஸ் இமேஜையும் லைப்ரரியையும் அப்டேட் செய்து, மறுபடி பில்ட் செய்வதே சரியான வழி.