ஒரு கூடாரம், இரு நாட்டவர், 24 மணி நேரக் கேட்டல்

கேட்டல் கருத்தறிதலில் நம் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் காதில் விழாததால் அல்ல. பாதி விழுந்ததும் மீதியை மனமே நிரப்பிக்கொள்கிறது; அதைத்தான் எழுதி வைக்கிறார்கள். இதை வகுப்பில் எப்படிப் புரியவைப்பது என்று தேடியபோது எனக்குக் கைகொடுத்தது பாடநூலில் இல்லாத ஒன்று: அமெச்சூர் வானொலிப் போட்டி.

"பாட்டுப் போட்டியா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது இல்லை. 'ஹாம்' எனப்படும் இந்த ஆர்வலர்கள், தேர்வு எழுதி உரிமம் பெற்று, சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசுபவர்கள். ஆளுக்கோர் அழைப்புக்குறி உண்டு. நம் சிங்கப்பூர்க் குறிகள் 9வி1 என்றும், தீபகற்ப மலேசியக் குறிகள் 9எம்2 என்றும் தொடங்கும். குறித்த நேரத்திற்குள் எத்தனை பேரை, எத்தனை நாடுகளைப் பிடிக்கிறோம் என்பதே போட்டி. பேசினால் மட்டும் போதாது. எதிராளியின் குறியையும் அவர் தந்த எண்ணையும் பிழையில்லாமல் பதிந்திருக்க வேண்டும்.

இதில் இடம் பெரிய விஷயம். 'சிக்யூ வேர்ல்டு வைடு' என்ற 48 மணி நேரப் போட்டியில் வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி. அதே கண்டத்தில் வேறு நாடு என்றால் பொதுவாக 1 புள்ளிதான். கேனரி தீவுகள் ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆனால் போட்டிக் கணக்கில் ஆப்பிரிக்கா! அங்கிருந்து பேசினால் ஐரோப்பியர் ஒவ்வொருவரும் 3 புள்ளி. அதனால்தான் பல நாட்டவர் குழுவாகச் சேர்ந்து இப்படிப்பட்ட தீவுகளுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

அப்படியானால் வென்றது திறமையா, தீவா? இந்தக் கேள்விக்கு விடைதான் 'வேர்ல்டு ரேடியோஸ்போர்ட் டீம் சாம்பியன்ஷிப்'. முதல் போட்டி 1990இல் அமெரிக்காவின் சியாட்டலில், கெடுபிடிப் போர் ஓயும் நேரத்தில் நடந்தது. சோவியத் ஆர்வலர்களும் வந்தார்கள். 2018 ஜூலையில் ஜெர்மனியின் விட்டன்பர்க் வட்டாரத்தில் நடந்தபோது 63 குழுக்கள். குழுவுக்கு இருவர். தலைவர் முந்தைய போட்டிகளில் எடுத்த புள்ளிகளால் தகுதி பெறுவார். துணைவரை வேறு நாட்டிலிருந்தும் அழைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே வகை அலைவாங்கி, சமதளமான வயல், 100 வாட் உச்சவரம்பு. வயலில் ஒரு கூடாரம், பக்கத்தில் காதொலிப்பான் மாட்டிய நடுவர் ஒருவர்.

அழைப்புக்குறிகூடச் சொந்தம் இல்லை. போட்டி தொடங்கச் சற்று முன்புதான் உறையைப் பிரித்துத் தெரிந்துகொள்வார்கள். பேசுவது யாரென்று உலகத்துக்குத் தெரிந்தால் நண்பர்கள் உதவிவிடலாம் இல்லையா? அந்த ஆண்டுக் குறிகள் 'ஒய் 8' என்று தொடங்கின. அந்த வரிசை முன்பு கிழக்கு ஜெர்மனிக்குரியது, விட்டன்பர்க்கும் அங்கேதான் இருந்தது.

இனி நமக்கு வேண்டிய பகுதிக்கு வருவோம். இருவர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் அலைதான் வெளியே போகலாம். ஒருவர் அழைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் வேறு அலைவரிசையில் புதிய நாடுகளைத் தேடுவார். இரண்டு பேருக்கும் தாய்மொழி வேறாக இருக்கலாம், பரவாயில்லை. வேலைக்கு வேண்டிய சொற்கள் ஒரு கைப்பிடிதான். எதிராளியின் குறி, '59' என்ற ஒலித்தர எண், பிறகு மண்டல எண். ஜெர்மனி 28, சிங்கப்பூர் 54. நன்றி, அடுத்தவர்! மோர்ஸில் இன்னும் சுருக்கம்: 9 என்ற எண்ணுக்கு ஐந்து ஒலிகள் தேவை, 'என்' எழுத்துக்கு இரண்டே போதும் என்பதால் 599ஐ '5என்என்' என்று அடித்துவிடுவார்கள்.

ஆனால் இரைச்சலில் பி, டி, வி எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். அதற்காகவே பிராவோ, டெல்டா, விக்டர் என்று எழுத்துக்கொரு சொல். ஜெர்மானியர்கள் வானொலியில் 'ட்ஸ்வை' (இரண்டு) 'ட்ரை' (மூன்று) குழம்பாமலிருக்க 'ட்ஸ்வோ' என்பார்கள். நாம் 'சின்ன ல', 'பெரிய ள', 'சிறப்பு ழ' என்று சொல்கிறோமே, அதே கதைதான்.

பாதி மட்டும் கேட்டால்? "9வி1... மறுபடி?" என்று கேட்ட பகுதியைச் சொல்லி, கேட்காத பகுதியை மட்டும் வாங்குவார்கள். தெரிந்த நண்பரின் குறியாக இருக்குமோ என்று மனம் இழுக்கும். ஊகித்து எழுதினால், போட்டி முடிந்தபின் எல்லாருடைய பதிவேடுகளையும் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தொடர்பின் புள்ளி போகும், பல போட்டிகளில் கூடுதலாகவும் கழிப்பார்கள். நம் தேர்வில் அந்தக் கழித்தல் இல்லை. சில நேரம் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது (மாணவர்கள் மன்னிக்க).

உயர்நிலை மூன்று மாணவர்களை இருவர் இருவராக முதுகு காட்டி உட்காரவைத்தேன். ஒருவர் பொருளே இல்லாத பத்துச் சொற்களை வாசிக்க வேண்டும்: கழறி, களரு, கலழி... பொருள் இல்லாததால் ஊகிக்க வழியில்லை. "திரும்பச் சொல்லுங்க" என்பது தடை, "கழ... அப்புறம்?" என்று கேட்டதைச் சொல்லித்தான் மீதியைக் கேட்கலாம். முதல் சுற்றில் பத்தும் சரியாக எழுதிய இணை ஒன்றுகூட இல்லை. எழுதியவரைவிட வாசித்தவர்கள்தான் அதிகம் சங்கடப்பட்டார்கள். தங்கள் ழகரம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு நான் சொல்லாமலே 'சிறப்பு ழ' என்று சேர்த்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

நேரடியாகக் கேட்க விரும்பினால், இந்தக் குழுக்கள் பங்கேற்கும் ஐஏஆர்யு போட்டி ஆண்டுதோறும் ஜூலையின் இரண்டாம் முழு வார இறுதியில் நடக்கும். நமக்குச் சனி இரவு 8 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரை. அடுக்குமாடி வீட்டில் இரைச்சல் அதிகம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் வாங்கியை இணையத்தில் திறந்து 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் போதும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியாது. எண்களை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.