வேரைத் தேடும் வித்து

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை, திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும் செழித்த கம்பம் பள்ளத்தாக்கை விட்டு, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டங்களையும் ஏலச் செடிகளையும் சோலைக் காடுகளையும் சென்றடைகிறது. கீழே வெம்மை, மேலே குளிர். எனினும் இவ்விரு நிலத்துப் பயிர்களின் வேர்களுக்கும் பொதுவான துணை ஒன்றுண்டு. வேளாண் துறையினர் அதனை வேர் உட்பூசணம் என்பர். பூசணமும் வேரும் கூடிவாழும் இத்தகைய வாழ்வுக்கு, 1885ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க் மைக்கோரைசா எனப் பெயரிட்டார்.

வேர்த்தூவிகளுக்கு எட்டாத பாஸ்பரசைப் பூசண இழைகள் ஈர்த்து வந்து செடிக்குத் தருகின்றன. கைம்மாறாகச் செடி சர்க்கரையையும் கொழுப்பையும் அளிக்கிறது. மலைமண்ணில் இவ்வுதவி பெரிதும் தேவை. அமிலத்தன்மை மிகுந்த அம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரசைப் பிணைத்துக்கொள்கின்றன. குளிரோ சருகு மட்கும் விரைவைத் தணிக்கிறது.

இப்பூசணம் காளானாகக் குடை விரிப்பதில்லை. ஆகவே காட்டில் நடப்போர் கண்ணுக்கு இது தென்படுவதே இல்லை. மண்ணுக்குள்ளேயே இழைகளின் நுனி உருண்டு, தடித்த சுவரும் கொழுப்புச் சேமிப்பும் உடைய வித்தாகிறது. பெரிய வித்துகூட அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரே வித்தினுள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். வேர் முதிரும்போதும் வறட்சி நெருங்கும்போதும் வித்துகள் மிகுதியாக உருவாகின்றன. குளிர்ந்த மண்ணில் இழை வளர்ச்சியும் வித்தாக்கமும் மெதுவாகவே நிகழும்.

ஈரம் கிடைத்ததும் வித்து முளைக்கும். அருகிலுள்ள வேர் கசியவிடும் வேதிப்பொருள் இழையைக் கிளைக்கத் தூண்டும். வேர் அகப்படாவிடில், சிறிது தொலைவு நீண்ட இழை வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சேமித்த கொழுப்பு தீர்ந்தால் வித்து மடியும். உயிருள்ள வேரின்றி இப்பூசணத்தால் வாழ்வை நிறைவு செய்ய இயலாது.

இதனால்தான் நிலத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு செயலும் இதனைத் தாக்குகிறது. உழவு, இழை வலையை அறுக்கிறது. மிகுதியாக இட்ட பாஸ்பேட் உரம், பூசணத்தை வேர் ஏற்காதவாறு செய்கிறது. முட்டைக்கோசு, முள்ளங்கி போன்றவை பொதுவாக இதனோடு உறவே கொள்வதில்லை. சோலையை அழித்த சரிவிலோ வித்துகள் செறிந்த மேல்மண்ணை மழை அடித்துச் செல்லும். நிலத்தடியில் பிறக்கும் இவ்வித்துகளைக் காற்று எளிதில் தூக்கிவருவதில்லை; மண்ணும் நீரும் மண்புழுவும் எலியுமே இவற்றைச் சுமக்க வேண்டும். ஆகவே, வறிதான குளிர்மலைச் சரிவு மீளப் பல்லாண்டு ஆகலாம்.

வேர் உட்பூசண உரத்தை வாங்கும் உழவர், நாற்றங்காலிலேயே அதனை வேர் தொடும் ஆழத்தில் இடுதல் வேண்டும். இலைமீது தூவுவதால் பயனில்லை.