ரப்பர் ஹோஸுக்கும் பில் கேளுங்கள்

மாருதி ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ பக்கம் அப்படிப்பட்ட வண்டியில்தான் பீஸ் மூட்டைகளை அடுக்கி, கட்டிங்கிலிருந்து ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கொண்டுபோகிறோம். பெட்ரோல் ஹோஸ் வெடித்துக் கசிந்தால், ஒரு தீப்பொறி போதும். துணி மூட்டைக்குப் பரவ அதிக நேரம் ஆகாது. ஆம்னி தயாரிப்பு 2019இல் நின்றது. மாருதி 800, அம்பாசடர் இரண்டும் 2014இலேயே நின்றுவிட்டன. வண்டி இன்னும் ஓடுகிறது. அதன் ரப்பருக்குத்தான் வயதாகிவிட்டது.

கடையில் கேட்டால் ஒரிஜினலா, லோக்கலா என்றுதான் பேச்சு தொடங்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. உள்ளே ஓடப்போவது எது, அதற்கேற்ற ரப்பர்தானா என்பதே முதல் கேள்வி. ரேடியேட்டர் ஹோஸுக்கு இபிடிஎம் என்ற ரப்பர் ஏற்றது. கொதிக்கும் கூலன்ட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதிலேயே பெட்ரோலோ ஆயிலோ ஓடினால் உப்பி நைந்துபோகும். பெட்ரோலுக்கு நைட்ரைல் வகை ரப்பர் வேண்டும். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன் என்பதுதான் சிக்கல். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஹோஸ் விலை குறைவு, வாங்குவதில் தவறில்லை. ஆனால் மேலே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸில் 'எஸ்ஏஇ ஜே30' என்ற குறியீடு இருக்கும். அதில் ஆர்7 என்றால் கார்புரேட்டர் வண்டிக்கு, ஆர்9 என்றால் எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) வண்டிக்கு. கார்புரேட்டரில் பெட்ரோலின் அழுத்தம் அரை பாரைக்கூடத் தொடாது. எம்பிஎஃப்ஐயில் அது 3 பார் அளவுக்குப் போகும். எதுவுமே அச்சடிக்காத ஹோஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெட்ரோலுக்கு வேண்டாம். பிரேக் ஹோஸில் பேரமே கூடாது.

ரேடியேட்டர் ஹோஸின் வெட்டுமுனையைக் கவனித்தால் இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே நூல் தெரியும். பல ஹோஸ்களில் அந்த நூல், நம் பனியன் துணி போலவே வளையம் வளையமாகப் பின்னப்பட்டிருக்கும். வளைவுக்கு இசைந்துகொடுக்க அந்தப் பின்னல்தான் சரி. நூலே இல்லாத வெறும் குழாயை மாட்டினால், எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடும்போது பலூனாகிவிடும். நிட்டிங்கில் பிழை பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இதைப் பார்க்கவா தெரியாது!

பழைய ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. வெளியே பளபளப்பாகவே இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கிளிப்பை ஒட்டிய இடத்தில் விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி கெட்டியாகவும் முனை பஞ்சாகவும் இருந்தால் மாற்றிவிட வேண்டும். எல்பிஜி கிட் போட்ட வண்டியில், அதன் வேப்பரைசருக்குக் கூலன்ட் கொண்டுபோகும் சிறிய ஹோஸ்களையும் மறக்காதீர்கள். மெக்கானிக்குகளே அடிக்கடி விட்டுவிடும் இடம் அது.

இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோல் கவலையைக் கூட்டியிருக்கிறது. 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய சில வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. கொள்கை அரசுடையது, ஹோஸ் செலவு நம்முடையது. இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பழைய பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'கம்பெனி பார்ட் டீலரிடம் மட்டும்தான்' என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் முடக்கியதாக மாருதி, டாடா, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வண்டிக்காரர் வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. உள்ளூரில் கிடைக்காத ஹோஸுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன. பழைய ஹோஸையே சாம்பிளாகக் கொண்டுபோங்கள். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய பாகங்களில் வேறு எதை வாங்கினாலும் ரப்பரை வாங்காதீர்கள்.

வாங்கிய ஹோஸ் சீக்கிரமே வெடித்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று போர்டு மாட்டியிருந்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர வேண்டும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். போலி சரக்கை விற்பது தனிக் குற்றம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஹோஸ் வெடித்து எஞ்சின் சீஸானால் அந்த இழப்பையும் கேட்கலாம். வெடித்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால் கையில் சாட்சி இருக்காது.

நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டி ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு விலக்கு உண்டு; அவர் நுகர்வோர்தான். பெரிய கம்பெனியின் வண்டி என்றால் அந்த வழி கிடைப்பது கடினம்.

ஸ்பேர்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டர் ஹோஸ் வெட்டித் தரும்போது பில்லில் 'பெட்ரோல்' அல்லது 'கூலன்ட்' என்று ஒரு சொல் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.