தாடையைத் திறந்து தொண்டைக்கு

1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. ராயபுரத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. காசிமேட்டுக் கடலோடிகளும் எண்ணூர் லாரி ஓட்டுநர்களும் வாயில் ஆறாத புண்ணோடு வந்து நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பலர் வருஷக்கணக்கில் மாவா என்ற பாக்குக் கலவையைக் கன்னத்தில் அடக்கியவர்கள். அதிலுள்ள பாக்கு கன்னத்தின் உள்தோலை நாராக இறுக்கி, வாயையே திறக்கவிடாமல் செய்துவிடும். தன் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் விட முடிந்தால் சாதாரணத் திறப்பு. சிலருக்கு ஒரு விரல்கூட நுழையாது. மயக்கம் கொடுக்கும்போது சுவாசக் குழாயை மூக்கு வழியாகத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட வாயின் அடிநாக்கில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் கத்தி எப்படி அங்கே போகும்? கட்டியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். விளிம்பு தெரியாமல் வெட்டினால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

சின்னக் கட்டியென்றால் வாய் வழியே எடுக்கலாம். இல்லையென்றால் கழுத்தில் கீறி, நாக்கைத் தாடைக்கு அடியால் இழுத்து அறுக்கலாம். அதுவும் போதாதபோது தாடையே கதவாகிறது. ரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1836இல் காட்டிய வழி அது.

கீழுதட்டைப் பிளந்து எலும்பை வெளிக்கொணர்ந்ததும் உடனே அறுப்பதில்லை. முதலில் டைட்டானியத் தகட்டை எலும்பின் வளைவுக்கேற்ப வளைத்து, திருகுகளுக்குத் துளையிட்டு, கழற்றி வைத்துவிடுகிறார்கள். பிறகுதான் ரம்பம். அறுத்த பிறகு அளவு பார்த்தால் மயிரிழை பிசகினாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. நோயாளிக்கு மெல்லுவதே கஷ்டமாகிவிடும். வெட்டும் இடத்திலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நேர் நடுவில் வெட்டினால், நாக்கைத் தாடையோடு பிணைக்கும் தசைகளையும் அறுத்துத்தான் உள்ளே போக வேண்டும். பின்னே தள்ளிப்போனால், கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வெளிவரும் துளை. இரண்டுக்கும் நடுவே, கோரைப்பல்லுக்கும் அதற்கு முன்னுள்ள பல்லுக்கும் இடையில், இரு வேர்களும் விலகி நிற்கும் சின்ன இடம் இருக்கிறது. அங்கே அறுத்து எலும்பை வெளிப்புறமாகத் திருப்பினால் தொண்டை வரை வெளிச்சம் விழும். வேலை முடிந்ததும் தகடு பழைய துளைகளில் உட்காரும். உதட்டின் சிவப்பு விளிம்பை இம்மியும் பிசகாமல் சேர்த்துத் தைக்கிறார்கள்.

2009இல் அமெரிக்கா ரோபோக் கைகளால் வாய் வழியே தொண்டைக் கட்டியை எடுக்க அனுமதித்தது. தாடையை அறுக்காமலே அடிநாக்கை எட்டுவது பெரிய வரம்தான். ஆனால் அந்தக் கைகளும் வாய் வழியாகத்தானே நுழைய வேண்டும்! பாக்கு பூட்டிவைத்த வாய்க்குப் பெரும்பாலும் இன்றும் ரூ காட்டிய வழிதான்.