90 சென்டிமீட்டர் பட்டும் 425 டாலர் சேறும்

பாரிஸ் நகரின் ஹெர்மெஸ் நிறுவனம் விற்கும் சதுரப் பட்டு ஸ்கார்ஃபுக்குக் 'கரே' என்று பெயர். பிரெஞ்சில் சதுரம் என்பதே அதன் பொருள். பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 65 கிராம், விலை இன்று 500 டாலருக்கு மேல். இந்திய ரூபாயில் 40,000ஐத் தாண்டும். அதே 65 கிராம் பட்டு நூலைச் சந்தையில் வாங்கினால் சில நூறு ரூபாய்தான் ஆகும். மீதித் தொகையில் எவ்வளவு உழைப்புக்குப் போகிறது, எவ்வளவு பெயருக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்காமல் விலை நியாயமா இல்லையா என்று சொல்லிவிட முடியாது.

ஹெர்மெஸ் 1837இல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1937இல், நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டுமாவின் முயற்சியால் முதல் கரே வெளிவந்தது. குதிரை பூட்டிய பழைய பாரிஸ் ஆம்னிபஸ்களும் ஒரு பலகை விளையாட்டும் அதில் சித்திரமாக இருந்தன. நூல் பிரேசில் நாட்டுப் பட்டுக்கூடுகளிலிருந்து வருகிறது. ஒரு ஸ்கார்ஃபுக்கு ஏறத்தாழ 250 கூடுகள் தேவை. நெசவும் அச்சும் பல நூற்றாண்டுப் பட்டுத் தொழில் மரபு கொண்ட, பிரான்சின் லியோன் வட்டாரத்தில் நடக்கின்றன.

செலவு கூடும் இடம் அச்சுதான். ஓவியர் தரும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஸ்கிரீன் எனப்படும் தனி அச்சுச் சட்டம் தயாரிக்க வேண்டும். ஒரே படத்தில் 30 நிறங்கள் இருப்பது சாதாரணம். 40ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரு படத்தைப் பிரித்து வரைவதற்கே நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கிறது. நீண்ட மேசையில் விரித்த பட்டின்மீது ஸ்கிரீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது, ஒரு நிறம் மற்றொன்றின்மீது ஏறவும் கூடாது, நடுவே வெள்ளைக் கோடு தெரியவும் கூடாது. பிறகு நீராவியில் சாயத்தை நிலைநிறுத்தி, அலசி, உலர்த்துகிறார்கள். கடைசியில் நான்கு ஓரங்களையும் விரலால் உருட்டி, பட்டு நூலால் கையாலேயே தைக்கிறார்கள். இயந்திரத்தில் தைத்த ஓரம் தட்டையாகப் படிந்துவிடும். கையால் உருட்டிய ஓரம் சற்றுத் திரண்டு நின்று, கழுத்தில் துணி மடிந்து விழும் அழகைத் தருகிறது. இந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டாலே உணரலாம். ஓவியம் வரைந்தவர்களின் பங்கும் சிறியதல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேகோ நகர அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஹெர்மெஸுக்குக் கரே வரைந்தவர் ஓவியர் கெர்மிட் ஆலிவர்.

ஆனாலும் விலை முழுவதும் பட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் ஊசிக்கும் போய்விடுவதில்லை. 2023இல் ஹெர்மெஸ் ஈட்டிய ஒவ்வொரு 100 யூரோ விற்பனையிலும் சுமார் 42 யூரோ இயக்க லாபம். இது கைப்பை முதல் வாசனைத் திரவியம் வரை எல்லாம் சேர்ந்த கணக்கு. பட்டும் பிற துணிகளும் மொத்த விற்பனையில் ஏறத்தாழ 7 சதவீதமே. என்றாலும் நிறுவனம் எந்த அளவு மிச்சம் வைத்து விற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நடிகையாக இருந்து மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லி, ஒருமுறை அடிபட்ட கையைத் தாங்கும் தூளியாக ஒரு கரேயைக் கட்டிக்கொண்டார். இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் ஆண்டுக்கணக்கில் தலையில் கட்டினார். அந்தப் படங்களின் மதிப்பும் இன்றைய விலைச்சீட்டில் சேர்ந்தே இருக்கிறது.

அந்த மதிப்பு எவ்வளவு நிலையற்றது என்பதை பிரிட்டிஷ் நிறுவனமான பர்பெரியின் கட்டம் போட்ட காஷ்மீர் ஸ்கார்ஃப் காட்டுகிறது. ஆட்டின் உள்மயிரிலிருந்து எடுக்கும் காஷ்மீர் இழை இயல்பிலேயே அரிது. ஓர் ஆட்டிடமிருந்து ஆண்டுக்குச் சில நூறு கிராம் கூடத் தேறாது. அதை ஸ்காட்லாந்தில் நெய்து, மேற்புறத்தைச் சீவி மென்மையாக்குவது தேர்ந்த வேலை. அதன் புகழ்பெற்ற கட்டமோ 1920களில் மழைக்கோட்டின் உள்துணியாகத் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் போலிகள் பெருகி, பிரிட்டனில் அந்தக் கட்டம் கால்பந்து ரவுடிகளின் அடையாளமாகப் பேசப்பட்டது. 2004இல் கட்டம் போட்ட தொப்பியையே நிறுவனம் நிறுத்த வேண்டியதாயிற்று. கம்பளி மாறவில்லை, நெசவும் மாறவில்லை. அதை அணிவோரைப் பற்றிய எண்ணம் மட்டுமே மாறியது. பெயரைக் காக்கும் ஆசை எந்த எல்லை வரை போகும் என்பது 2018இல் வெளிப்பட்டது. விற்காமல் தேங்கிய 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அதற்கு முந்தைய நிதியாண்டில் அழித்ததாக பர்பெரியின் ஆண்டறிக்கையே கூறியது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. நல்ல துணி மலிவாக ஒருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று அதை அழிப்பதை எந்தத் தொழில் நியாயமும் காப்பாற்றாது.

ஜீன்ஸ் தைக்கும் டெனிம் துணி வந்த வழி இந்த ஸ்கார்ஃபுகளுக்கு நேர் எதிரானது. 1873 மே 20 அன்று லீவை ஸ்ட்ராஸும் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது, உழைப்பாளிகளின் கால்சட்டைப் பை கிழியாமல் செம்புக் குமிழ் அடிக்கும் முறைக்காக. துணியின் தன்மையும் உழைப்புக்கு ஏற்றதே. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. பாவு நூலைக் கயிறுபோலத் திரட்டி இண்டிகோ தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். சாயம் நூலின் மேற்புறத்தில் மட்டும் படிய, நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. தேயத் தேய அந்த வெள்ளை வெளியே தெரிகிறது. முழங்கால், பை ஓரம், தொடை மடிப்பு என உடுத்தியவரின் வாழ்க்கை துணியில் பதிகிறது. கழுவக் கழுவச் சாயம் ஓடும் மெட்ராஸ் கட்டத்துணியும் 1960களில் அமெரிக்காவில் இப்படித்தான் விரும்பப்பட்டது. அதன் குறையே அதன் விளம்பரமாயிற்று.

ஜீன்ஸுக்கு வடிவமைப்பாளர் பெயர் ஏறியது 1970களின் பிற்பகுதியில். குளோரியா வாண்டர்பில்ட்டின் பெயர் பின்பையில் ஏறியது. 1980இல் கால்வின் கிளைன் ஜீன்ஸ் விளம்பரத்தில் பதின்வயது நடிகை புரூக் ஷீல்ட்ஸ் தோன்றினார். சில தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன, விற்பனை ஏறியது. 2000இல் லாஸ் ஏஞ்சலீஸில் செவன் ஃபார் ஆல் மேன்கைண்ட் என்ற ஜீன்ஸ் நிறுவனம் தொடங்கியபின் நூறு டாலருக்கு மேற்பட்ட ஜீன்ஸ் சாதாரணமாயிற்று. ஒரு ஜீன்ஸுக்குத் தேவை ஒன்றரை மீட்டர் அளவு அகலத் துணி. விலை உயர்ந்ததற்கும் நடுத்தரத்துக்கும் ஒரே ஆலையே துணி தருவது இந்தத் தொழிலில் வழக்கம். கூடுதல் விலைக்கு நல்ல வெட்டும் சீரான தையலும் கிடைக்கக்கூடும். உடலுக்குப் பொருந்தும் வெட்டு உண்மையான மதிப்புதான். ஆனால் பின்பையில் போட்ட வளைகோட்டுத் தையலுக்காக விலை மும்மடங்காவதற்குக் காரணம் துணியில் இல்லை.

அதைவிட மோசமானது, உடுத்தாமலே உடுத்திய தோற்றத்தை விலைக்கு விற்பது. தேய்ந்த தோற்றம் தர டெனிம்மீது மணலை வேகமாகப் பீய்ச்சும் முறை துருக்கிப் பட்டறைகளில் பரவியது. அந்தத் தூசியைச் சுவாசித்த இளம் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஆளாகினர், பலர் இறந்தனர். துருக்கி 2009இல் அந்த முறையைத் தடைசெய்தது. லீவைஸ், எச் அண்ட் எம் ஆகிய ஆடை நிறுவனங்கள் 2010இல் அதைக் கைவிட்டன. இப்போது லேசரும் ஓசோனும் அதே வேலையைச் செய்கின்றன. 2017இல் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடைகளில் பொய்ச் சேறு பூசிய ஒரு ஜீன்ஸ் 425 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உழைப்பாளியின் அழுக்கை உழைக்காமலே அணிந்துகொள்ள அந்த விலை. அதில் நியாயம் ஏதும் இல்லை.

உயர்ந்த விலைக்கு ஓரளவு பதில் சொல்லக்கூடிய டெனிமும் உண்டு. ஜப்பானின் ஒக்கயாமா மாநிலத்தில், குறிப்பாகக் கொஜிமாவில், பழைய நாடாத் தறிகளில் மெதுவாக நெய்யும் துணி அகலம் குறைந்தது, கரை பிரியாதது. செல்வெட்ஜ் என்பது அந்தக் கரையின் பெயர். அகலம் குறைவதால் ஒரு ஜீன்ஸுக்கு இரண்டரை மீட்டருக்கும் மேல் வேண்டும். அமெரிக்காவில் இதே முறையில் நெய்துவந்த கிரீன்ஸ்பரோ நகரின் வொயிட் ஓக் ஆலை 1905இல் தொடங்கி 2017 முடிவில் மூடப்பட்டது. 200 முதல் 300 டாலர் கொடுக்கும் வாடிக்கையாளர் வாங்குவது, பல ஆண்டு தன் உடலோடு சேர்ந்து நிறம் மாறும் துணியை. கரை மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும். மட்டமான பருத்தியிலும் கரை நெய்ய முடியும்.

ஆகவே கையால் உருட்டிய பட்டுச் சதுரம் தன் விலையில் ஒரு பகுதியை நியாயப்படுத்துகிறது. நல்ல நாடாத் தறி டெனிம் அதைவிடப் பெரிய பகுதியை நியாயப்படுத்துகிறது. ஆலையிலேயே கிழித்துத் தேய்த்த ஜீன்ஸ் எதையும் நியாயப்படுத்துவதில்லை. வாங்க நினைப்பவர் ஸ்கார்ஃபின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும், நிறம் ஊடுருவியிருக்கிறதா என்று. ஓரத்தை விரலால் தடவட்டும். ஜீன்ஸை உள்ளே புரட்டி, தையலின் நெருக்கத்தையும் பைத்துணியின் கனத்தையும் பார்க்கட்டும். பெயர்ச்சீட்டைக் கடைசியில் பார்த்தால் போதும்.