தமிழில் ஒரு "இல்", ஆங்கிலத்தில் எத்தனை?

பெரம்பலூர் அருகே, திருச்சி - சென்னை சாலையில் இருக்கிறது, சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோவில் நடை வழக்கமாக வாரத்தில் 2 நாட்கள்தான் திறக்கும். திங்கள், வெள்ளிக்கிழமைகளில்! விசேஷ நாட்கள் தனி.

இதை வெளியூர் நண்பருக்கு ஆங்கிலத்தில் எழுதப் போனால், பலர் "இன் மண்டே" என்று எழுதி விடுகிறார்கள். அது தவறு. கிழமைக்கு "ஆன்" போட வேண்டும். மாதம், வருடத்துக்குத்தான் "இன்". மணிக்கு "அட்".

ஏன் இந்தக் குழப்பம்? கிழமைகளில், மாதத்தில், ஊரில், வீட்டில் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே "இல்" போதும். 7-ம் வேற்றுமை உருபு இது. சொல்லின் பின்னால் ஒட்டிக் கொள்ளும். ஆங்கிலத்திலோ சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும். இடத்துக்கு இடம் மாறும்.

மற்ற நாட்களில் அம்மன் மலையில் இருப்பதாக ஐதீகம். மலையில் என்றால் "ஆன்". கோவிலுக்குள் என்றால் "இன்". பக்தர் பஸ்சில் வந்தால் "ஆன்", காரில் வந்தால் "இன்"! இரண்டுக்கும் சக்கரம்தானே என்று கேட்கலாம். வழக்கு அப்படி. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இவை பிழையானாலும் விஷயம் புரிந்து விடும். வேலைக்கு மனுப் போடும்போதுதான் உஷார் தேவை. "பை பிரைடே" என்றால் வெள்ளிக்கிழமைக்குள், அன்றும் கொடுக்கலாம். "பிபோர் பிரைடே" என்றால் வியாழனோடு சரி. வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட்டு விட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தால், மனுவைத் திருப்பிக் கொடுத்து விடுவார்கள்.