எட்டாத் தொலைவில் ஒரு பழுது

அருகிலுள்ள கணினி பழுதுற்றால் அதனைத் திறந்து பார்க்கலாம். எட்டாத் தொலைவிலுள்ள கணினியின் பழுதை, அது அனுப்பும் குறிப்புகளைக் கொண்டே அறிதல் வேண்டும்.

நாசா 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது புவியிலிருந்து ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை அங்குச் சென்றடைய 22.5 மணி நேரம் ஆனது. மறுமொழி வந்துசேர மீண்டும் அதே அளவு நேரம் ஆனது.

பொறியாளர்கள் முதலில் பழுதற்றவை எவை என ஆராய்ந்தனர். விண்கலத்தின் வானொலி அலை தடையின்றி வந்தது. கட்டளைகளையும் அது ஏற்றுக்கொண்டது. எனவே, தகவல்தொடர்பு சீராக உள்ளது. தரவுகளைத் தொகுக்கும் கணினியிலேயே பழுது உள்ளது எனத் தெளிந்தனர். 2024 மார்ச்சில் அக்கணினியின் நினைவகப் பதிவைப் பெற்றுப் பழைய பதிவுடன் ஒப்பிட்டனர். ஒரு சில்லு செயலிழந்ததால் நினைவகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு சிதைந்திருந்தது.

சில்லை மாற்ற வழியில்லை. அங்கிருந்த நிரல் முழுவதையும் ஏற்கும் அளவுக்கு வேறு ஓரிடமும் இல்லை. ஆகவே, நிரலைப் பகுதிகளாகப் பிரித்து நினைவகத்தின் வெவ்வேறு இடங்களில் அமைத்தனர். ஏப்ரல் 18இல் முதற்பகுதிக்கான கட்டளை சென்றது; ஏப்ரல் 20இல் விண்கலத்தின் நிலையைக் காட்டும் தரவுகள் தெளிவாக வந்தன.

சீராக இயங்குபவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பழுதின் இடத்தைக் காணும் இம்முறை, தொலைவிலுள்ள எக்கணினிக்கும் பொருந்தும்.